நீர் வாரும் இடம்

இன்று காலை வாகனத்தின் பின்கதவைத் திறந்ததும் சாதாளை நாற்றம் முகத்தில் அடித்தது. கடற்பாசி அழுகிய சேறு காய்ந்து கிடக்கும் அதே நாற்றம். சாக்கை இழுத்துப் பார்த்தால் உம்முடைய றப்பர் சப்பாத்து. எத்தனை தரம் சொல்லியிருப்பேன், "கழுவிப்போட்டு வையும்" என்று! கழுவாமலே போய்விட்டீர். வந்த கோபத்தில் வெளியே எறியத்தான் கையில் எடுத்தேன். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

நாங்கள் பள்ளிக்கூடச் சிநேகிதிகள் இல்லை. வேலைக்கு வந்த இடத்தில் பழகியவர்கள். நான் மாவட்டத்துக்கான வனசீவராசித் திட்டம் எழுதுகிறவள். நீர் காலநிலைக் கணக்குப் போடுகிறவர். மரியாதைக்கு ‘நீர்' என்று தொடங்கினோம். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்ட பிறகும் அது ‘நீ' ஆகவில்லை. "நீர், நீர் எண்டு கூப்பிட்டே என்னைத் தண்ணியாக்கிப் போட்டீர்" என்று சிரிப்பீர்.

எங்கள் சண்டை எல்லாம் அரியாலைப் பக்கத்துத் தரவையால் வந்தது. கடல்நீரேரிக்குப் பின்னால், உப்புப் பூத்து, மாடுகூட அதிகம் மேயாத வெட்டவெளி. பூநாரைகள் நின்றதோ நீரேரியின் ஆழமில்லாத ஓரத்தில். அந்த ஓரத்தைச் சுற்றிப் பாதுகாப்பு எல்லை போட்டால் போதும் என்று நான் நின்றேன். கடல் மட்டம் ஏற ஏற அந்த ஓரம் ஆழமாகும், காலூன்றி மேய முடியாமல் அவை பின்னுக்கு வரும், அன்றைக்கு அந்தத் தரவை வெறுமையாக இருக்க வேண்டும் என்று நீர் நின்றீர்.

"கண் முன்னாலை நிக்கிற பறவையை விட்டுட்டு வராத தண்ணிக்கு எல்லை போடுறதோ? உமக்கென்ன விசரோ?" என்று கேட்டேன்.

"ஒரு கணக்கை நம்பிச் சொல்லேல்லை. எந்தக் கணக்கிலை போட்டாலும் உந்தத் தரவை நனையுது. பிழைச்சுதெண்டால் எனக்குத்தான் முதல் சந்தோசம்."

சோளகக் காற்று வீசிய ஒரு காலம் முழுக்க என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே மேடுபள்ளம் அளந்தீர். நிலம் எங்கே தாழ்ந்து கிடக்கிறது என்று நானே அளந்து கண்ட பிறகுதான் வாயை மூடினேன்.

திட்ட வரைபடத்தில் அதற்குப் ‘பயன்பாடற்ற நிலம்' என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் இருந்தால் நாளைக்கே யாராவது கேட்டு வாங்கிவிடுவார்கள் என்று, நீர் அதை வெட்டிவிட்டு ‘நீர் வரும் இடம்' என்று தட்டச்சு செய்தீர். செய்கிற அவசரத்தில் ‘வ'வுக்குப் பக்கத்தில் ஓர் அரவு, அந்தத் துணைக்கால், கூடிப்போனது. கூட்டத்தில், திரையில், பெரிய எழுத்தில் விழுந்தது: ‘நீர் வாரும் இடம்.'

தலைமை தாங்கிய ஐயா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஆரைப் பிள்ளை வரச்சொல்லுறீர்?"

மண்டபமே கொல்லென்று சிரித்தது. நானும்தான். உமக்குக் காது சிவந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. "பூநாரையைத்தான் ஐயா" என்றீர்.

சூரிய மின்தகடு போட அந்த நிலத்தைக் கேட்டு வந்திருந்தவர் எழும்பினார். "எங்கடை வேலையும் காலநிலைக்கு நல்லதுதானே, தங்கச்சி? அங்கை இப்ப ஒரு குருவியும் இல்லையே." நியாயமான கேள்வி. நான் உம்மைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை, நல்லதுதான். ஆனால் தகட்டைக் கூரையிலையும் போடலாம். பறவை கூரையிலை மேயாது."

அன்று தரவை தப்பியது. அதன்பிறகு கோப்பு எந்த மேசைக்குப் போனாலும் "அந்த ‘வாரும்' காணியோ?" என்றுதான் கேட்டார்கள். எழுத்தைத் திருத்துவோமா என்று கேட்டேன். "வேண்டாம், விடும். சிரிச்சவை மறக்க மாட்டினம்" என்றீர்.

பிறகு வந்த மாரிகள் ஏமாற்றின. தரவை காய்ந்தே கிடந்தது. "எங்கை உங்கடை தண்ணி?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்கு வாய் உளைந்தது. அதற்குள் உமக்கு வந்த நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது. உடுவிலில் உம்முடைய வீட்டில், கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தீர். என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி வந்ததோ?"

"இல்லை" என்றேன்.

"அப்ப நல்லது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனாலும் காணியை விட்டிடாதையும்" என்றீர். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

இந்த மாரியில் வந்துவிட்டது. நீரேரி பொங்கித் தரவைக்குள் ஏறி, மழை விட்ட பிறகும் வடியாமல் நிற்கிறது. ஒரு மாரியை வைத்துக் கடல் ஏறிவிட்டது என்று சொல்லக்கூடாது என்று என் வாயை அடைப்பீர், நான் சொல்லவில்லை. ஆனால் அழுது முடித்து, உம்முடைய சப்பாத்தையே போட்டுக்கொண்டு அங்கே போனேன். எனக்குப் பெரிசு, முன்னுக்குக் கடுதாசி அடைக்க வேண்டியிருந்தது. பழைய ஓரத்தில் ஒரு பறவையும் இல்லை, அங்கே இப்போது ஆழம். தரவை முழுக்கப் பூநாரை. தலையைக் கவிழ்த்து, ஆறுதலாக மேய்ந்துகொண்டு நிற்கின்றன.

நீர் சொன்னது சரியாகிப் போச்சு. சந்தோசப்படச் சொல்கிறீரா? எனக்கு நெஞ்சுதான் எரிகிறது. உம்முடைய கணக்குப் பிழைத்திருக்கலாம். நீரும் பிழைத்திருக்கலாம்.

திட்டத்தை இப்போது புதுப்பிக்கிறோம். புதிதாக வந்த உத்தியோகத்தர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதிலை ஒரு எழுத்துப் பிழை, திருத்தட்டோ?" என்று கேட்டார். "கையை வையாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், பயந்துபோனார். இனி யார் அந்தக் காணியைக் கேட்டு வந்தாலும் அந்த அரவோடுதான் நான் எழும்பி நிற்பேன்.

இன்று தண்ணீருக்குள் இறங்கினேன். சப்பாத்துக்குள்ளும் ஏறிவிட்டது. பறவைகள் கலையாதபடி, வரைபடத்தில் இருப்பதை இருக்கிறபடியே மெல்ல வாசித்தேன்.

"நீர் வாரும்."