கண்மருந்துப் போத்தலில் பெற்றோல்

இன்று காலை உங்கள் மருந்துத் தட்டை ஒதுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டத்திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். ஆட்கள் வருமுன் வீட்டைக் கொஞ்சம் மனிதர் பார்க்கும்படி வைக்கவேண்டுமே. காலாவதியான மாத்திரைகளையும் வெறும் போத்தல்களையும் பையில் போட்டுக்கொண்டு வரும்போது, கண்ணுக்கு விடும் சொட்டுமருந்துப் போத்தல் ஒன்று கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். எதையும் எறியுமுன் முகர்ந்து பார்ப்பது இரசாயனவியல் படிப்பித்த காலத்துப் பழக்கம். அதற்காக நீங்கள் என்னை எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பீர்கள்! மருந்து மணக்கவில்லை. பெற்றோல் மணத்தது.

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். கண்ணுக்குப் பெற்றோல் விடுகிற அளவுக்கு நீங்கள் விசரர் இல்லை. அப்படியென்றால் இது எதற்கு? யோசித்தபடி வெளியே பார்த்தேன். போர்ட்டிக்கோவில் உங்கள் ட்ரக்டர் நின்றது.

அது வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கொழும்பு கறுவாத்தோட்டத்துப் பணக்காரத் தெருவில் ஏதோ பெரிய வீட்டை இடிக்கிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போனவர், அந்த வீட்டுப் புல்தரையில் ஓடிய சின்ன ட்ரக்டரை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். ஒரு ஆள் இருந்து ஓட்டுகிற, சாப்பாட்டு மேசையளவு ட்ரக்டர். பாதி பச்சை, பாதி துரு. எங்கள் வீடோ வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், தொடர்மாடிகளுக்கிடையே நசிந்து கிடப்பது. புல் என்று பார்த்தால் மதில் வெடிப்பில் முளைப்பதுதான்.

"எங்கை உழப்போறியள்?" என்று கேட்டேன்.

"உழவோ? ஓடுமோ எண்டு பாக்கத்தான்," என்றீர்கள்.

அது ஒரு பதிலா? நானும் விடவில்லை. சாப்பிடும்போது கேட்டேன், கோயிலுக்குப் போகும் வழியில் கேட்டேன். யாருக்காவது தோட்டம் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாரோ, எனக்குத் தெரியாமல் எங்காவது காணி பார்க்கிறாரோ என்றெல்லாம் என் மூளை ஓடியது. ஆயுள் முழுக்கக் கந்தோரில் கதிரையைத் தேய்த்த மனிதருக்கு ட்ரக்டரோடு என்ன வேலை? எப்போது கேட்டாலும் அதே பதில். மழுப்புகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

துருப்பிடித்த நட்டுகளை ஊறவைக்க என் பழப்புளியைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். "இதுக்குள்ள என்ன அமிலம் கிடக்கு, ரீச்சர்?" என்று கேட்டு வெறுப்பேற்றுவீர்கள். நான் எரிந்து விழுவேன். ஆனால் பின்னேரமானால் துரு கழன்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்காமலும் இருக்கமாட்டேன். நீங்கள் அதைக் கண்டும் காணாதவர்போல் இருப்பீர்கள்.

எஞ்சினைப் பூட்டி முடித்த கிழமையில் நெஞ்சு நோகிறது என்றீர்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர் திரும்பி வரவில்லை. ட்ரக்டர் நாலு சில்லும் இல்லாமல், கல்லின்மேல் அப்படியே நின்றது.

பிறகு மயூரி கார் வாங்கினாள். போர்ட்டிக்கோவில் இடமில்லாததால் லேனில் விடுகிறாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதில் ஒரு கீறல் வைத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் மகள் பொறுமைசாலிதான், ஆனாலும் ஒருநாள் வந்து என் முன்னால் இருந்தாள்.

"அம்மா, அப்பாவின்ர திவசத்துக்கு ஆக்கள் வருவினம். கதிரை போடவும் இடம் வேணும். அதுக்குள்ள இது ஓடினா நிக்கட்டும். ஓடாட்டி பழைய இரும்புக்குக் குடுப்பம். சரியோ?"

நியாயமான பேச்சு. ஓம் என்றேன். அவளுக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். இரும்புக்காரன் அதை வெட்டிக் கொண்டுபோனால், நீங்கள் கடைசியாகக் கைவைத்த வேலை சரிவந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

ஆகவே நானே இறங்கினேன். சில்லுகளைப் பூட்டுவித்தேன். புது பிளக் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனேன். அங்கே கடைக்காரர் "அக்கே" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, ஜெனரேற்றருக்கா என்று சிங்களத்தில் விசாரித்தார். ட்ரக்டருக்கு என்றேன். வீடு எங்கே என்றார். வெள்ளவத்தை என்றதும், கடலையா உழப்போகிறீர்கள் என்று சிரித்தார். ஓடுமா என்று பார்க்கத்தான் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த முறையில் ஒழுங்காகச் செய்தேன். காபரேற்றரைக் கழற்றி, ஆய்வுகூடத்துச் சாமான் கழுவுகிற மாதிரிக் கழுவினேன். காற்று உள்ளே போகிற குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அதில் றப்பர் துண்டொன்று செருகியிருந்தது. பழசாகி விழுந்த ஓட்டை என்று நினைத்து, றப்பரைப் பிடுங்கிவிட்டு, பசை வைத்து அழகாக அடைத்தேன். செய்து முடித்து என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பாருங்கள்.

நேற்றுக் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பிளக்கில் பொறி வருகிறது, தாங்கியில் புதுப் பெற்றோல் இருக்கிறது. ஆனால் அவர் கயிற்றை இழுத்து இழுத்துச் சேட்டு நனைந்ததுதான் மிச்சம்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா பத்திக்க மாட்டேங்குது. எஞ்சின் தேஞ்சு போச்சு, பெற்றோல இழுக்க அதுக்குத் தெம்பு இல்ல. விட்டுருங்க," என்றார்.

மயூரி சனிக்கிழமை வரும்படி இரும்புக்காரனுக்குப் போன் பண்ணினாள்.

இப்படியிருக்கத்தான் இன்று காலை அந்தப் போத்தல் கிடைத்தது. கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று நம் கலியாணம் முடிந்த புதுசு நினைவுக்கு வந்தது. சண்டைக்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் கண்ணால் காணமுடியாத வருடங்கள். உங்கள் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது, அதனால் தொடங்குவதற்கு மட்டும் காற்றுக்குழாயில் சொட்டுப் பெற்றோல் விடவேண்டும். சனம் முழுக்க அப்படித்தான் ஓடித்திரிந்தது. நீங்கள் உதைப்பீர்கள், பட்டுச்சேலையோடு குனிந்து நான் சொட்டு விடுவேன்.

"மெல்ல, மெல்ல. கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி," என்பீர்கள்.

கொஞ்சம் கூடினால் எஞ்சின் இருமும். எதிர்ப்பக்கத்துச் சனம் சிரிக்கும். உங்களுக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

நான் எழும்பி ஓடினேன். அந்த ஓட்டை பழசாகி விழுந்தது இல்லை. நீங்களே துளைத்து, அளவாக றப்பர் வெட்டிச் செருகியது. தெம்பில்லாத எஞ்சினுக்குத் தொடக்கத்தில் ஊட்டிவிட வேண்டும் என்று உங்களுக்கு முதலே தெரிந்திருக்கிறது. காய்ந்த பசையைக் கொண்டையூசியால் கிண்டிக் கிண்டி எடுத்தேன். தாங்கியில் இருந்து போத்தலை நிரப்பினேன். மயூரி கந்தோருக்கு வெளிக்கிட்டு, கைப்பையோடு வந்தாள்.

"பிள்ளை, ஒருக்கா இந்தக் கயித்தை இழு."

"அம்மா, எனக்கு நேரம் போட்டுது. நேற்று அந்த ஆளே இழுத்துக் களைச்சுப் போனார்."

"இழு எண்டுறன்."

என் குரலில் என்ன கேட்டாளோ, பையைக் கீழே வைத்தாள். நான் சொட்டு விட்டு, துளையை விரலால் பொத்தினேன். இழுத்தாள். எஞ்சின் இருமியது. அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல். மற்றத் தரம் மெல்ல விட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

படபடவென்று பிடித்துக்கொண்டது. கரும்புகை கிளம்பி லேனை மூடியது. தொடர்மாடிப் பல்கனிகளில் தலைகள் முளைத்தன. "ரீச்சர், நெருப்போ?" என்று யாரோ கத்தினார்கள். நான் வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்சாருங்கோ! ஓடுது!" என்று உரத்துக் கூப்பிட்டேன்.

கூப்பிட்ட பிறகுதான் நீங்கள் உள்ளே இல்லை என்பது உறைத்தது. மயூரி கயிற்றோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கரி. நான் அழுதேன். துக்கமா சந்தோசமா என்று கேட்டால், எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடித் தானாகவே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி பிள்ளை. ஓடும் எண்டு தெரிஞ்சிட்டுது. எனக்கு அது காணும். இரும்புக்காரன் வரட்டும், உன்ர காரை உள்ள விடு," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் ஏறி உங்கள் ட்ரக்டரின் சீற்றில் இருந்தாள். கந்தோருக்குப் போன் பண்ணி லீவு சொன்னாள். அடுத்து இரும்புக்காரனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்றாள். ஏன் என்று பார்த்தேன்.

"நாளைக்கும் ஓடுமோ எண்டு பாப்பம், அம்மா," என்றாள்.

அத்தனை நாள் நீங்கள் மழுப்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கதிரைகளை அதைச் சுற்றித்தான் போடவேண்டும். வருகிறவர்கள் கேட்கத்தான் போகிறார்கள், கேட்கட்டும். போத்தலை மறுபடி நிரப்பி மருந்துத் தட்டிலேயே வைத்திருக்கிறேன். இப்போது எனக்கும் கண்மருந்து இருப்பதால், மாறிவிடாமல் மயூரி அதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். நாளைக்கு அவள் இழுப்பாள். நான் குனிந்து, மெல்ல மெல்லச் சொட்டு விடவேண்டும்.