பெல்ட் போட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லை

மார்ச் 4, திங்கள்

கார் வந்துவிட்டது. ஏற்கெனவே யாரோ ஓட்டித் தேய்த்த கார்தான். ஆனால் வீட்டில் நடந்த அமளியைப் பார்த்தால், விமானம் ஏதோ வழி தவறி வாசலில் இறங்கிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இவர் துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, தலைக்குப் பின்னால் இருக்கிற சின்ன மெத்தை கொண்டையில் இடிக்கிறது என்றார். அவ்வளவுதான். இவர் அதைப் பிடுங்கி டிக்கியில் போட்டுவிட்டார். கழுத்தைக் காப்பாற்ற வைத்தது. கொண்டையைக் காப்பாற்றுவதற்காகப் போனது.

நான் பின்னால் ஏறி பெல்ட்டைத் தேடினேன். பெல்ட் இருக்கிறது, மாட்டுகிற இடத்தைக் காணவில்லை. புது சீட் கவர் முழுங்கிவிட்டது.

"பின்னாடி உக்காந்து யாரு பெல்ட் போடுவா?" என்று சிரித்தார்.

இவருக்கு என்ன வேலை? லிப்ட் பராமரிப்பு மேற்பார்வை. இடுப்பிலும் தோளிலும் வார் கட்டாமல் எந்த ஆளையும் லிப்ட் குழிக்குள் எட்டிப் பார்க்கவிடமாட்டார். கட்டாத ஒருத்தரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து, இரவுச் சாப்பாடு முடிகிறவரை திட்டித் தீர்த்தார். அந்த மூளையை வேலை முடிந்ததும் அங்கேயே ஆணியில் மாட்டிவிட்டு வருவார் போலிருக்கிறது.

எனக்கு ஐந்தாம் மாதம். அதை இந்த வீட்டில் நான்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணி வந்திருந்தார். இவருடைய அக்கா. நேரில் அண்ணி, இந்தப் பக்கங்களில் வானொலி. செருப்பைக் கழற்றும்போது ஒலிபரப்பு தொடங்கினால், மாட்டும்போதுதான் முடியும்.

தம்பியின் காருக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். பெல்ட்டின் முனையில் இருக்குமே, அந்த நாக்கு மட்டும். பெல்ட் கிடையாது. அதைத் துளையில் செருகிவிட்டால் கார் ஏமாந்துபோய்க் கத்துவதை நிறுத்திவிடுமாம்.

"என் வீட்டுக்காரர் வண்டியில இதான். நிம்மதியா இருக்கு" என்றார்.

கார் எதற்குக் கத்துகிறது என்று கேட்டேன். "அது கத்தும். அதையெல்லாம் பாத்தா முடியுமா?" என்று பதில். இவர் உடனே செருகிப் பார்த்தார். காரின் வாய் மூடியது. அம்மா, மகள், மகன் மூவருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 19, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். எல்லாம் சரியாக இருக்கிறது. பெல்ட்டைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மா எழுந்து வந்து, அளவு நாடாவை என் மேலேயே வைத்துக் காட்டினார். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு மேலே போகக்கூடாது; வயிற்றுக்கு அடியில், இடுப்பு எலும்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். மேல் பட்டை மார்புக்கு நடுவாக வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சொன்னேன். "வயித்தைப் போய் யாராவது கட்டுவாங்களா? குழந்தை நசுங்கிடும்" என்றார் அத்தை.

"வயித்தைக் கட்டலை அத்தை, இடுப்பைத்தான்..."

"நான் ரெண்டு பெத்தவ."

இதற்கு மேல் என்ன பேசுவது? இரண்டு பெற்றபோது இந்த வீட்டில் மிதிவண்டிகூட இருந்திருக்காது. இவர் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பேச்சு வந்தால் இவருக்கு நாட்டு நடப்பில் அக்கறை பொங்கிவிடும்.

மார்ச் 20

இன்றைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். நாளைக்கும் பஸ்தான்.

மார்ச் 28, வியாழன்

கடையில் இன்று ஒரு பெரியவர். கண்ணாடிக் கடைக்கு வருகிற பாதிப் பேரைப் போல, கண் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில்தான் நச்சரிக்கிறார்கள் என்றார். பலகையில் மேல் எழுத்தைப் படிக்கச் சொன்னேன். "எந்தப் பலகை?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் இருப்பதால் பழகிவிட்டது.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்ததில் கால் வீங்கியிருக்கிறது. இவர் பார்த்தார். வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அதையும் அத்தை தூங்கிய பிறகு.

ஏப்ரல் 7, ஞாயிறு

சண்டை. நல்ல சண்டை. இந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்கிற பெல்ட் முன் சீட்டில்தான் இருக்கிறது. அங்கே உட்காரவிட்டால் வருவேன், இல்லையென்றால் பிரசவத்துக்கும் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டிக்கியில் கிடந்த தலை மெத்தையை நானே எடுத்து மாட்டினேன்.

அத்தை ஒரு சொல் பேசாமல் பின்னால் போய் உட்கார்ந்தார். அந்தப் பேசாமை இருக்கிறதே, அதற்கு வானொலியே தேவலை.

பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். 'டக்'. இந்த வீட்டில் என் பக்கம் பேசிய முதல் குரல் அதுதான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அத்தை பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் முன்னால் பேசுவது காதில் விழாதாம். அதனால் சீட் நுனியில், நடுவாக, இரண்டு முழங்கையையும் எங்கள் சீட்டுகளின் மேல் ஊன்றி, தலையை நடுவே நீட்டிக்கொண்டு வருகிறார். கவரைத் தூக்கி பெல்ட்டை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "என்னைக் கட்டிப்போடற வயசா?" என்றார்.

இவர் வழக்கம்போல. சிக்னலில் போலீஸ்காரர் தெரிந்தால் பெல்ட்டை இழுத்து நெஞ்சின் மேல் கையால் பிடித்துக்கொள்வார். தாண்டியதும் விட்டுவிடுவார். மாட்டினால் அரை நொடி. பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை விரும்பிச் செய்கிறார்!

மே 6, திங்கள், ஆஸ்பத்திரி

குழந்தை நல்லா இருக்கு. முதல்ல அதை எழுதிடறேன். நல்லா இருக்கு.

நேற்று வானொலி வீட்டுக்குப் போகும் வழியில். வேகம்கூட இல்லை. சந்திலிருந்து ஒரு சரக்கு வண்டி திடீரென்று மூக்கை நீட்டியது. இவர் பிரேக்கை மிதித்தார். இருந்தும் அதன் பக்கவாட்டில் முட்டித்தான் கார் நின்றது. கார்தான் நின்றது. அத்தை நிற்கவில்லை.

எனக்கும் இவருக்கும் நடுவில் ஏதோ மூட்டை வந்து விழுந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் அத்தை. தோள் முன் பலகையில், முகம் கியர் பக்கத்தில். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வலிக்கும்போது அத்தை சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

இவருக்கு ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்து, உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். பெல்ட் துளையில் வானொலியின் பரிசு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

எனக்குத் தோளிலிருந்து இடுப்புவரை கயிறு இழுத்த மாதிரி சிவந்த தடம். அவ்வளவுதான். ஆனா உள்ளே? உள்ளே என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா கருவியை வயித்துல வெச்சு நகர்த்தி நகர்த்தித் தேடினாங்க. ஒண்ணும் கேக்கலை. இன்னும் கொஞ்சம் கீழே. கேக்கலை. அப்புறம் கேட்டுது. குதிரை ஓடற மாதிரி. அதுவரைக்கும் நான் மூச்சு விட்டேனான்னே தெரியலை.

இவர் கதவோரமா நின்னுட்டிருந்தார், உதட்டுல பஞ்சோட. சத்தம் கேட்டதும் சுவர் பக்கம் திரும்பிட்டார். என்னைப் பாருங்களேன், ஒரு தடவை என்னைப் பாருங்களேன்னு கத்தணும் போல இருந்தது. கத்தலை.

அத்தைக்குக் கழுத்துப் பட்டை எலும்பு முறிந்திருக்கிறது.

மே 9, வியாழன்

வானொலியின் சிறப்பு ஒலிபரப்பு. பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து: "பெல்ட் போட்டவளுக்கு ஒண்ணும் ஆகலை. சும்மா உக்காந்திருந்த அம்மாவுக்குத்தான் அத்தனையும்."

என்னமோ அம்மாவுக்கு வந்த அதிர்ஷ்டத்தை நான் இடுப்பில் கட்டி எடுத்துப்போய்விட்ட மாதிரி! கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். ஒருத்தராவது, "அப்போ அம்மாவும் போட்டிருந்தா?" என்று கேட்க வேண்டுமே. அந்தக் கேள்வி யார் வாயிலும் வராது. வந்தால் வாய் வலிக்கும்.

"முன்னாடி நானே உக்காந்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்று அத்தையும் சொன்னார். முன் கண்ணாடியில் எங்கே போய் இடித்திருப்பார் என்று சொல்ல நாக்கு துடித்தது. வலியில் இருக்கிறவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

மே 20, திங்கள்

அத்தையின் கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தலை வாருவது, உடை மாற்றுவது, சாப்பாடு எல்லாம் நான்தான். வானொலிக்கு இடுப்பு வலி வந்துவிட்டது, தேவைப்படும்போது வருகிற வலி.

கொண்டை போட்டுவிட்டேன். தளர்வாக இருக்கிறதாம். அவிழ்த்து மறுபடி போட்டேன். இறுக்கமாம். மூன்றாவது முறை ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வலிக்கிறதா என்றேன். "இல்லை, நீ வாரு" என்றார்.

எதற்கு அழுதார் என்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். எனக்குத் திட்டத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியாது.

ஜூன் 2, ஞாயிறு

பட்டறையிலிருந்து கார் வந்தது. சீட் கவர் இல்லை. இவரே கழற்றிப் போட்டுவிட்டாராம். பின்னால் பெல்ட் மாட்டுகிற மூன்று கொக்கிகளும் பளிச்சென்று வெளியே இருக்கின்றன. அக்காவின் பரிசு எங்கே என்று வேண்டுமென்றே கேட்டேன். "குப்பையில" என்றார். நெஞ்சு இன்னும் வலிப்பதால் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து, "என் ஆளுங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றார்.

ஆட்கள் மூஞ்சியாம். என் மூஞ்சி இவர் கணக்கிலேயே வரவில்லை!

பிறகு, நான் உள்ளே போகப் போகும்போது, மெதுவாக: "அன்னிக்கு உன்னைப் பாக்கவே பயமா இருந்துச்சு."

சரி. ஒரு மனிதருக்கு ஒரே நாளில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஜூன் 16, ஞாயிறு

குழந்தை சீட் வாங்கினோம். பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி மாட்டுவது. இவர் விளக்கத்தாளைத் தரையில் விரித்துவைத்து, லிப்ட் மாட்டுகிற மாதிரி குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். விரல் கனம்கூட அசையக் கூடாதாம். இப்போது இவர்தான் இந்தத் துறையின் பேராசிரியர். என்னிடமே பாடம் நடத்துகிறார்!

அத்தை எட்டிப் பார்த்தார். "பச்சைக் குழந்தையை இந்தப் பொட்டியிலயா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வழக்கமான நீளம் இல்லை.

ஜூலை 6, சனி

பெண். அழுகை நல்ல சத்தம். அத்தை மாதிரி.

ஜூலை 9, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். உடம்பு ஓய்ந்துபோயிருக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் வானொலி குழந்தையை வாங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் குழந்தை சீட் காலியாக இருந்தது.

"இதைவிடப் பத்திரமான இடம் எது? அத்தை மடிடி இது" என்று குழந்தையிடமே கொஞ்சிக்கொண்டிருந்தார்.

இவர், "அக்கா, பின்னாடி..." என்று ஆரம்பித்தார். "நீ சும்மா ஓட்டுடா, நான் கெட்டியாப் புடிச்சிருக்கேன்" என்றதும் வாய் மூடிவிட்டது. பேராசிரியர் அவ்வளவுதான். எனக்குத் தையல் வலி, நிற்கவே முடியவில்லை. இருந்தாலும் ஒரு ஆட்டம் ஆடிவிடுவது என்று மூச்சை இழுத்துக்கொண்டேன்.

அதற்குள் அத்தை போய் முன் கதவைத் திறந்தார்.

"எறங்குடி."

"ஏம்மா, நான் கெட்டியா..."

"நானும் கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன். ரெண்டு கையாலயும் ரெண்டு சீட்டையும். அது எப்ப விட்டுச்சுன்னே எனக்குத் தெரியாது." அத்தை குரலை உயர்த்தவேயில்லை. "முன்னாடி இவ வயிறு இருந்துச்சு. அந்தப் பக்கமாத்தான் போறேன்னு தெரியுது. எதையாவது புடிச்சு நிறுத்திக்கணும்னு பாக்குறேன், கை வரலை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தேன்னா... குடு குழந்தையை."

வானொலி நின்றது. இறங்கிக் குழந்தையைக் கொடுத்தார்.

நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை இத்தனை நாளும் இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் தலை வாரியபோதும் சொல்லவில்லை.

இவர் குழந்தையை சீட்டில் வைத்து வாரை மாட்டினார். நான் முன்னால் ஏறினேன், வானொலி பின்னால் அந்த ஓரம்; அத்தை குழந்தை பக்கத்தில் ஏறி, தன் பெல்ட்டை இழுத்தார். முறிந்து கூடிய எலும்பு உறுத்தியிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மாட்டிக்கொண்டார். வழி முழுக்கக் குறைதான். தொப்பி பெரிதாம். துணி மெல்லிசாம். நான் வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டேனாம். பிறகு குழந்தையின் நெஞ்சு வாருக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் என் கையைப் பின்னால் நீட்டினேன். அத்தை பிடித்துக்கொண்டார்.