அடுப்புக்கு அளந்த சாண்

1986 பிப்ரவரி 3, திங்கள்

காலையில் நல்ல பனி. வெயில் ஏறும்வரை எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. கை விறைத்து எழுத்து கோணல்.

மேட்டுக்கொல்லை, காசியம்மா அக்கா வீடு. போன மாதம் நாங்கள் போட்டுக் கொடுத்த புகையில்லா அடுப்பின் முன்விளிம்பு உடைந்து கிடக்கிறது. அக்கா பழையபடி மூன்று கல் கூட்டிச் சமைக்கிறாள். வீடு முழுக்கப் புகை.

"இன்னா பண்றது டீச்சர். சோறுன்னா பொங்கிடுது. களி கிண்டனா பானை ஆடுது. பானையப் புடிப்பனா, துடுப்பப் புடிப்பனா?"

டீச்சர் இல்லை, அடுப்புப் பயிற்சி கொடுக்க வந்தவள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது சொல்வதில்லை.

குறைகள்:
– களி கிண்டும் வேகத்துக்குப் பானை நிற்பதில்லை. (இதுதான் முக்கியம்.)
– விறகு வாய் சிறியது. இங்கே யாரும் விறகைப் பிளப்பதில்லை, முழுசாகத் தள்ளுகிறார்கள்.
– தகரக் குழாய் கூரைப்புல்லைத் தொடும் இடத்தில் கருகல். பயம்.

ஆபீசில் வரைபடம் போட்டவர் அரிசிச் சோறு வடித்துப் பார்த்திருப்பார். அவரைச் சொல்வானேன். நானும் மலைக்குக் கீழே படவேட்டுக்காரி, நெல்லுச் சோறு தின்று வளர்ந்தவள். எனக்கும்தான் தோன்றவில்லை.

கொத்து வேலைக்கு வேடியப்பன் (இனி வே. – பெயர்தான் நீளம், பேச்சு ஒற்றைச் சொல்). உடைந்த விளிம்பைத் தடவிவிட்டு, "நிக்காது" என்றார். இதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்.

பிப்ரவரி 5, புதன்

பயிற்சிக் கொட்டகை. நாள் முழுக்க யோசனை. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் மறந்து திரும்ப அதையே செய்வோம்.

1. அடுப்பு வாயில் இரும்பு வளையம். போளூரில் அடித்து வந்தது. பானை நிற்கிறது; ஆனால் சூட்டில் இறுகிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. வே. ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்து, கடைசியில் பானை உடைந்தது. வேண்டாம்.

2. வாயைச் சுற்றி மூன்று மண் குமிழ். பிடிப்பு உண்டு. இடுக்கில் புகை வருகிறது. அப்புறம் புகையில்லா அடுப்பு என்று எதற்குப் பெயர். வேண்டாம்.

3. பானைக்குப் பின்னால் மண் அணை. முன்னால் கால் ஊன்ற ஒரு மேடு. கிண்டுகிறவள் காலை மேட்டில் ஊன்றித் தள்ளினால் பானை அணையில் சாயும், ஆடாது. வே. யோசனை. அவர் சொன்னதும் எனக்குப் பொறாமை.

"மேடு எத்தனை அங்குலம் தள்ளி?" என்று கேட்டேன்.

"அங்குலம் இன்னாத்துக்கு? இங்க அடுப்பு, வூட்டுக்காரி கை சாணுதான். அடுத்தவ சாணுல போட்டா பானை நிக்காதும்பாங்க."

இவ்வளவு நீளமாக அவர் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

"இந்தக் கொட்டகைக்கு யாரு வூட்டுக்காரி?" என்றேன்.

சிரித்தார். "நீங்கதான்."

தரையில் கையை விரித்தேன். வே. தொடவில்லை. பக்கத்தில் ஒரு புளிய மிளாறை வைத்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை பார்த்து வெட்டினார். அந்தக் குச்சிதான் இனி அளவு.

நீலத்தூள், தேங்காய் எண்ணெய் வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 8, சனி

நின்றது!

புற்றுமண், சாணி, சாமை உமி. உயரம் ஒரு சாண், நாலு விரல். கால்மேடு மூன்று சாண் தள்ளி. விறகு வாயும் பெரிதாக்கினோம். குழாயைச் சுற்றிக் கூரையில் ஓட்டைச் சட்டி கவிழ்த்தோம், கருகலும் இல்லை. நானே குந்தி, காலை ஊன்றிக் களி கிண்டினேன். பானை அசையவில்லை.

களி மட்டும் கட்டி கட்டியாக வந்தது. காசியம்மா அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு, "அடுப்பு நல்லாகீது" என்றாள். களியைப் பற்றி மூச்சு விடவில்லை. வே. இரண்டு உருண்டை சாப்பிட்டார். கட்டியோடு.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த ஆளைப் பிடித்திருக்கிறது. முப்பத்தோரு வயதில், மலைக்கு வந்து, ஒரு கொத்து வேலைக்காரரை. அண்ணன் கேட்டால் வீட்டுப் படி ஏற்றமாட்டான். பிடித்திருக்கிறது, என்ன செய்ய.

பிப்ரவரி 12, புதன்

சந்தை நாள். கூட்டம். புளி வந்திறங்குகிறது.

வே. சந்தையில் என்னைத் தேடி வந்தார். ஊருக்கு மேலே புது வீடு கட்டுகிறாராம், சுவர் முடிந்ததாம். தரையைப் பார்த்துக்கொண்டே, "அடுப்பு போடணும். உங்க சாணு குச்சி கொட்டகைல கீது. எடுத்துக்கட்டா?"

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

யார் சாணோ அவள்தான் வீட்டுக்காரி. அவர் வாயால் சொன்னது அது. அதற்குமேல் இந்த மனுஷர் என்ன பேசுவார்? ஒற்றைச் சொல்காரர், குச்சியைக் கேட்டதே பெரிய பேச்சு.

மாலை காசியம்மா அக்கா, எப்படித்தான் தெரிந்ததோ: "வேடி உன் சாணு கேட்டானாமே. இன்னா டீச்சர், மலையிலயே தங்கிடுவ போலகீது." கன்னத்தைக் கிள்ளினாள். ஆக, நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

சந்தையில் களிப்பானை ஒன்று வாங்கினேன். எனக்கு எதற்குக் களிப்பானை? வாங்கினேன்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது. முதலில் அண்ணியிடம். மலைக்காரங்க என்பாள். ஆமாம் என்பேன்.

பிப்ரவரி 17, திங்கள்

நேராக எழுதிவிடுகிறேன்.

வே. புது வீடு. வாசலில் ஒரு நெல்லி மரம். உள்ளே ஈர மண் வாசனை. இரண்டு பேரும் அடுப்பு போட்டோம். அணை எழுப்பியாயிற்று. கால்மேட்டுக்கு நான் குச்சியை வைத்து மூன்று சாண் அளந்துகொண்டிருந்தேன். பானையை எப்போது கொண்டுவந்து கொடுப்பது என்று மனதில் கணக்கு.

அப்போது சொன்னார். "பங்குனில கல்யாணம். பொண்ணு அமிர்தி பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி அங்க போய் கையக் காட்டுன்னு கேக்க முடியாதில்ல. அவங்க அக்காதான் சொன்னாங்க, அது கையும் உங்க கையாட்டம் சின்னதுதானாம். அதான் உங்க சாணு வெச்சேன். நீங்க கண்டிப்பா வரணும்."

குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் முகத்தில் கள்ளம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. என்னிடம்தான் முதலில் சொல்கிறாராம்.

கை சேற்றில் இருந்தது. எடுக்காமல் பூசினேன். மேடு, விளிம்பு, விறகு வாய், எல்லாம் பூசினேன். அவ்வளவு வழவழப்பாக நான் எந்த அடுப்பையும் பூசியதில்லை.

சுள்ளி போட்டுப் பற்றவைத்துப் பார்த்தோம். துளிப் புகை இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால் கண்ணைத் துடைக்க ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆபீஸ் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

காசியம்மா அக்கா வந்தாள். கஞ்சி. "அவன் கேட்டது தப்புடி. சாணு கேட்டா ஊர்ல யாரும் அப்டித்தான் நெனைப்பாங்க. நானே நெனைச்சன்." முதல் முறையாக டீச்சர் என்று சொல்லவில்லை. அதற்குத்தான் அழுகை நிற்காமல் வந்தது.

களிப்பானையை அவளே கொண்டுபோகச் சொன்னேன். எடுத்துப் போனாள்.

மனம் விட்டுப்போயிற்று. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

கல்யாணம் முடிந்ததாம். போகவில்லை. படவேட்டில் திருவிழா என்று பொய் சொல்லி, அண்ணன் வீட்டில் படுத்துக் கிடந்தேன். அண்ணிக்கு ஏதோ புரிந்திருக்கும்.

ஏப்ரல் 7, திங்கள்

வெயில். காற்றே இல்லை. புது மாதிரி அடுப்புகளை வீடு வீடாகப் பார்க்கும் வேலை. ஆறு வீட்டில் நன்றாக நிற்கிறது. வே. வீட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். பிறகு தள்ள வீடு இல்லை.

பெண் பெயர் சின்னப்பொண்ணு. பெயர்தான் அப்படி, என்னைவிட ஒரு தலை உயரம். பத்தொன்பது இருக்கும். தண்ணீர் கொடுத்துவிட்டு மூலையில் நின்றாள். அடுப்பு முன்விளிம்பில் விரிசல். பக்கத்தில் மூன்று கல், கரி.

"பானை ஆடுதுங்க அக்கா. எனக்குத்தான் சரியா குந்தத் தெரியல போலகீது. எங்க மாமியா தினமும் சொல்றாங்க, வந்தவ ராசி, பானை நிக்கலன்னு."

குந்தச் சொல்லிப் பார்த்தேன். கால் நீளம். மேட்டில் ஊன்றினால் முழங்கால் முகத்துக்கு வருகிறது. அவளுடைய ராசியில் ஒன்றும் இல்லை. அவள் ஒவ்வொரு வேளையும் என் அளவுக்குள் மடங்கி உட்கார்ந்து பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பானை நிற்கவில்லை என்று அவள் சொன்னபோது, ஒரு நொடி, எனக்கு உள்ளே குளிர்ந்தது. அடுத்த நொடி அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது வீங்கிய கண்.

கடப்பாரை கேட்டேன். வே. எடுத்து வந்து தானே உடைப்பதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. அணை, மேடு, நான் பூசிய விளிம்பு எல்லாம் நானே உடைத்தேன். நன்றாக இறுகியிருந்தது, நேரம் பிடித்தது. மாமியார் வாசலிலிருந்து பார்த்தாள். அவளுக்குக் கேட்கும்படி, "மருமக மேல தப்பு இல்லிங்கம்மா, அளவுதான் தப்பு" என்றேன்.

வே. மண் மிதித்தார். சின்னப்பொண்ணு தரையில் கையை விரித்தாள். மருதாணி பாதி போயிருக்கிறது. மிளாறை வைத்து நான் வெட்டினேன். என்னுடையதைவிட இரண்டு விரல் கூடுதல்.

குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "முன்ன போட்டது யாரு சாணுங்க அக்கா?"

வே. மண்ணிலிருந்து தலை தூக்கவில்லை.

ஆபீஸ் அளவு என்றேன்.