பிடியில் வெட்டிய எழுத்து

அன்புள்ள மருமகளுக்கு,

இது சுகம் கேட்டு எழுதும் கடிதமில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் எனக்குப் போன் போட்டுத் தருவது உன் மகன். அவன் காது கேட்க இதைச் சொல்ல முடியாது.

பழைய பட்டாளத்துச் சவர றேசர்களை வாங்கித் துருவெடுத்துப் பளபளப்பாக்குவதில் அவனுக்குப் பைத்தியம். இன்னும் தாடி ஒழுங்காக முளைக்கவில்லை, எட்டு றேசர் வைத்திருக்கிறான். ஒன்பதாவது நேற்றுத் தபாலில் வந்தது. தெற்கில் ஓய்வுபெற்ற ஆமிக்காரர் ஒருவர் விற்றதாம்.

"அப்பாச்சி, ஆரோ பிடியிலை ஆணியாலை கீறிக் கெடுத்திருக்கினம். நாளைக்குத் தேய்ச்சு எடுத்திடுவன்" என்றான்.

கீறியது நான். வெள்ளைக்காரன் பட்டாளத்திலிருந்து என் ஐயா கொண்டுவந்த றேசர் அது. குடத்திலும் தட்டத்திலும் பெயர் வெட்டுவதுபோல உன் புருஷனின் முதலெழுத்தை அதில் வெட்டினேன். ஐந்தாம் வகுப்புப் படித்த என் கைக்கோணல் எனக்குத் தெரியாதா? பதினாறு வருடத்துக்கு முன் ஆமி என் மகனைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன அன்று அது அவன் பைக்குள் இருந்தது. வைத்ததும் நான்தான்.

இப்போது அது அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. உன் மகன் வீடெல்லாம் தேடுகிறான்.

"அப்பாச்சி, நீங்கள் எடுத்தனீங்களோ?"

"எனக்கென்ன, சவரம் செய்யவோ?" என்றேன். சிரித்துவிட்டுப் போனான்.

விற்றவரின் நம்பர் அவன் போனில் இருக்கிறது. உன் புருஷனின் மரணச் சான்றிதழுக்கு நீ கையெழுத்து வைத்த நாள்முதல் உன்னோடு நான் கதைத்ததில்லை. இன்று கேட்கிறேன். அந்த மனிதரிடம் விசாரிக்கட்டா, வேண்டாமா?

நீ கையெழுத்து வைத்தது சரிதான் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமி