ஈசாவின் கணக்கில் ஏறிய ஓட்டங்கள்

ரோலா, ஷார்ஜா
13-3-2007, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணி

அன்புள்ள ஸ்வாதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பா, நான், ஸ்ரீகாந்த் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். நீயும் அந்த ஒஹையோ குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன தடவை போனில் உன் குரல் கம்மியிருந்தது, சளி என்றால் சளி என்று சொல்லேன்டி, அதை ஏன் என்னிடம் ஒளிக்கிறாய். அப்பாவின் ஆபீஸ் அனந்தகிருஷ்ணன் மாமா வியாழக்கிழமை காலை அமெரிக்கா கிளம்புகிறார், உன் ஊர்ப் பக்கம்தான் போகிறாராம், அவர் கையில் இந்தக் கடிதத்தையும் பருப்புப்பொடியையும் நார்த்தங்காயையும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் தம்பி காதில் விழும், அவன் காதில் இப்போதைக்கு விழக்கூடாத விஷயம் இது. அதனால்தான் அவன் பள்ளிக்கூட பஸ் வருவதற்குள் எழுத உட்கார்ந்தேன்.

நம் பேஸ்பால் டீமைப் பற்றித்தான். நீ ஆகஸ்டில் கிளம்பும்போது ஸ்கோர்புக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, அன்றிலிருந்து ஒரு ஆட்டம் தவறாமல் நான்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மூன்றாவது மாடி சித்தீக் பாய் கீழே வந்து ஹாரன் அடிப்பார், ருக்கையா முன்னால், நானும் ஸ்ரீகாந்தும் அவர்கள் பிள்ளை ஈசாவும் பின்னால், துபாய் மைதானம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் டிராஃபிக். எனக்கு லைசென்ஸ் கிடைத்தபாடில்லை, பார்க்கிங்கில் மூன்றாவது தடவையும் ஃபெயில், சிரிக்காதே. அவர்கள் கார் இல்லையென்றால் உன் தம்பிக்கு இந்த ஆட்டமே இல்லை. டீமில் பதினாலு பிள்ளைகள், எல்லாம் பத்து பதினோரு வயசு. அடுத்த மாதம் பஹ்ரைனில் போட்டி, பன்னிரண்டு பேருக்குத்தான் டிக்கெட். போன வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கோச் வால்டர் பெயர் வாசித்தார். பன்னிரண்டாவது பெயர் ஸ்ரீகாந்த். ஈசா பெயர் இல்லை.

என் பிள்ளை பெயர் வந்ததில் எனக்கு வாயெல்லாம் பல், அதை மறைக்கமாட்டேன். ஆனால் நான் அம்மா மட்டுமா, அந்த டீமுக்கு முதல் ரசிகையும் நான்தானே. பதினாலு பேரில் இடது கையால் வீசுகிறவன் ஈசா ஒருவன்தான், அவனை விட்டுவிட்டு ஒரு டீம் ஊர்விட்டு ஊர் போகுமா? அந்தக் கொரியாக்காரப் பையன் மின்ஹோ பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பானே, அவனே ஈசா வீசினால்தான் சிரித்த முகமாக இருப்பான். டைலரை எடுத்திருக்கிறார், ஆள் மலை மாதிரி இருக்கிறான், பட்டால் பந்து பாகிஸ்தான் போகும், பட்டால்தானே! பத்தில் எட்டு தடவை மட்டையைக் காற்றில்தான் வீசுகிறான். வளருகிற டீமில் இன்றைக்கு யார் பெரிய ஆள் என்று பார்ப்பதா, இன்னும் இரண்டு வருஷத்தில் யார் நிற்பான் என்று பார்ப்பதா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். அந்த மனுஷர் கோபப்படவில்லை. நான் எழுதிய புத்தகத்தையே விரித்துக் காட்டி, ஆறு ஆட்டத்தில் ஈசா இருபத்தொரு ஓட்டம் கொடுத்திருக்கிறான், உன் மகன் பெயரில் ஒரு பிழைகூட இல்லை, பதினாலு பேர் ஆட்டமும் என் ஞாபகத்தில் நிற்காது, இதைப் பார்த்துத்தான் எடுக்கிறேன், நான் என்ன செய்யட்டும் நளினி என்றார்.

இப்போது கேள். ஞாயிற்றுக்கிழமை, நீ கேட்டாயே என்று ஸ்கோர்புக்கை உனக்குப் பிரதி எடுக்க உட்கார்ந்தேன். பின்னட்டை உறைக்குள் நீ எனக்காக எழுதி வைத்த தாள் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. மதுரையில் ரேடியோ கேட்டுக் கேட்டு டெஸ்ட் மேட்ச் முழுக்கப் பள்ளிக்கூட நோட்டில் ஸ்கோர் எழுதியவள் நான், எனக்கே சொல்லித் தருகிறாயா என்ற மிதப்பில் அதைப் பிரிக்கவே இல்லை. அன்றைக்குத்தான் பிரித்தேன். ஐந்தாவது வரியில் நீ சிவப்பு மையில் எழுதியிருந்தாய், பிடிக்க வேண்டிய பந்தை ஒருவன் விட்டு, அதனால் ஓட்டம் வந்தால் அது வீசியவன் கணக்கில் சேராது, பிழை என்பதற்கு E போட்டுப் பக்கத்தில் விட்டவன் நிற்கிற இடத்தின் எண்ணை எழுதம்மா, மறக்காதே என்று. தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஆறு ஆட்டத்தின் பக்கங்களையும் புரட்டினேன். கிரிக்கெட்டில் கேட்ச் விட்டதை யாரடி ஸ்கோர்புக்கில் எழுதுவார்கள்? எவன் விட்டாலும் ஓட்டம் பந்து வீசினவன் தலையில்தானே விடியும். நான் அதே பழக்கத்தில் ஆறு ஆட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கட்டத்திலும் ஒரு E கூட இல்லை. அதைவிட மோசம் என்னவென்றால், ஈசா வீசும்போது மூன்றாவது பேஸ் பக்கம் நின்று விட்டுக்கொண்டே இருந்தவன் உன் தம்பி. அவன் விட்டதெல்லாம் ஈசா கணக்கில் ஏறி, ஈசா வெளியே போய், இவன் உள்ளே வந்துவிட்டான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடக்கிவிட்டு, கொழந்தை மூஞ்சியப் பாத்தியா நளினி, ரெண்டு நாளா தூக்கத்துலகூட சிரிக்கிறான், ஆபீஸ்ல எவனாவது தன் தப்பத் தானே போய்ச் சொல்றானா, நீ பாட்டுக்கு இரு என்றார். எனக்கும் அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் நேற்று திங்கட்கிழமை பிராக்டிஸ். இனி எதற்கு வரப்போகிறார்கள் என்று நான் டாக்சிக்குச் சில்லறை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்றரை மணிக்குக் கீழே அதே ஹாரன். ருக்கையா கண்ணாடியை இறக்கி, என்னக்கா இன்னும் நிக்கிறிய, புள்ளைக்கு நேரமாவுதுல்ல என்கிறாள். ஈசா இறங்கி ஸ்ரீகாந்தின் பையை வாங்கி டிக்கியில் வைக்கிறான். தன் பிள்ளை ஆடாத ஆட்டத்துக்கு என் பிள்ளையைக் கொண்டுபோய் விட ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டுகிறார் அந்த மனுஷர். வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதற்கும் ருக்கையா, அல்லா அவனுக்கு வேற எதாச்சும் வச்சிருப்பான்க்கா, நீங்க வெசனப்படாதிய என்று எனக்குச் சமாதானம் சொல்கிறாள். ஓடுகிற காரில் கதவைத் திறந்து குதித்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

நாளை மாலை ஐந்து மணிக்குப் பாஸ்போர்ட் நகலோடு பட்டியல் பஹ்ரைனுக்குப் போய்விடும். அதற்குள் புத்தகத்தைத் திருத்திக் கோச்சிடம் கொடுக்க வேண்டும், அல்லது ஆயுசுக்கும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். திருத்தலாம் என்றாலும் எந்தப் பந்தை யார் விட்டது என்று எனக்கு முக்கால்வாசி ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கக்கூடிய ஒரே ஆள் விட்டவன்தான். பஸ் வந்துவிட்டது, கீழே சத்தம் கேட்கிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

புதன்கிழமை, மாலை ஏழு மணி

விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். நேற்று அவன் வந்து பால் குடித்து முடிக்கிற வரை பொறுத்திருந்து, புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தேன். ஸ்ரீகாந்தா, இதில் அம்மா ஒன்று தப்பாக எழுதிவிட்டேன், ஈசா வீசினபோது யார் யார் பந்து விட்டார்கள் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பென்சிலை எடுத்தான். ஃபர்ஸ்ட் கேம் தேர்ட் இன்னிங்ஸ், ரெண்டும்மா, ஒண்ணு சன் கண்ணுல அடிச்சுது, இன்னொண்ணு சும்மாவே விட்டேன் என்று சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் E5 என்று எழுதினான், ஐந்து என்பது அவன் நிற்கிற மூன்றாவது பேஸின் எண், மறுபடியும் E5. பக்கத்தைத் திருப்பினான், எழுதினான். ஆறு ஆட்டத்துக்கும் அவனுக்கு ஒவ்வொரு பந்தும் மனப்பாடமாக இருந்தது. மற்றவர்கள் விட்டது நாலு, இவன் விட்டது ஏழு. ஈசாவின் இருபத்தொன்று ஒன்பதாகக் குறைந்துவிட்டது. கடைசி E5 எழுதின பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான், நீ எனக்காகத்தான் எழுதாம விடறேன்னு நெனச்சேன்மா, அதான் நானும் சொல்லல.

ஸ்வாதி, எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். ஆறு மாதமாக அந்தப் பிள்ளை, அம்மா தனக்காகத் திருட்டுக் கணக்கு எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறான். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பான், பிள்ளைக்கு ஸ்கோர் பார்க்க ஆசை என்று நான் பூரித்துப் போவேன். இல்லடா கண்ணா, அம்மாவுக்கு நிஜமாகவே தெரியாது, இதோ பார் அக்கா எழுதின தாளையே நான் பிரிக்கவில்லை என்று காட்டினேன். ம் என்றான். அவ்வளவுதான். அப்புறம், இத கோச்கிட்ட குடுத்தா நான் போக மாட்டேன் இல்ல என்று கேட்டான். அது அவர் முடிவு, ஆனால் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன் என்றேன். அவன் எழுந்து போய் டீவி போட்டுக்கொண்டான். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதேன்.

இன்று காலை ரோலாவில் பஸ் பிடித்து துபாய் தேராவுக்குப் போய், கோச்சின் ஆபீஸைத் தேடிக் கண்டுபிடித்து, புத்தகத்தைக் கொடுத்தேன். வழியெல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், அங்கே போனதும் பாதிதான் வாயில் வந்தது. வால்டர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். இந்தப் பென்சில் எழுத்து யாருடையது என்று கேட்டார். என் மகனுடையது என்றேன். அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், சாயங்காலம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், ஏன் என்று கேட்காதே.

போன் நாலே முக்காலுக்கு வந்தது. நான் அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், அவன் போய் எடுத்துவிட்டான். யெஸ் கோச், யெஸ் கோச், ஓகே கோச் என்று மூன்று தடவை, அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிட்டு வந்து, ஈசா போறான், நான் இல்ல என்றான், தட்டில் இருந்த இரண்டு தோசையையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், கை கழுவினான், செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து போய்விட்டான். எங்கேடா என்று கேட்பதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது. நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், தெருவில் ஆளைக் காணோம். அரைமணி நேரம் ஆயிற்று. எனக்கு என்னென்னவோ தோன்ற ஆரம்பித்துவிட்டது, அப்பாவுக்கு போன் போட்டால் அவர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார், அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியைத் தேடுகிறேன், அப்போது ருக்கையா போன் பண்ணினாள். அவள் குரலே சரியில்லை. பயந்துபோனேன்.

நம் கட்டிடத்திலேயே மூன்றாவது மாடிக்குத்தான் போயிருக்கிறான், அவர்கள் வீட்டுக்கு. சித்தீக் பாய், ருக்கையா, ஈசா மூன்று பேரும் இருக்க, நடுக்கூடத்தில் நின்றுகொண்டு பேசினானாம். ருக்கையா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒங்க மவன் வந்து சொல்லுதான்க்கா, பந்த விட்டதெல்லாம் நாந்தான், எங்கம்மாவுக்கு பேஸ்பால் கணக்கு எழுதத் தெரியாது, அவங்களுக்கு கிரிக்கெட் மட்டுந்தான் தெரியும், அவங்க மேல கோவப்படாதீங்கன்னு. இம்புட்டுக்காண்டு புள்ள, இவுக கண்ணுல தண்ணி வந்துட்டுக்கா. இப்படிச் சொல்லிவிட்டு அவளும் அழுகிறாள், நானும் அழுகிறேன், இரண்டு மாடி வித்தியாசத்தில். உன் தம்பி அங்கே ஈசாவோடு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறானாம், சேமியா பாயசம் கொடுத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஹாரன் அடிப்பார்களாம், ஸ்ரீகாந்தும் வரணும், அவன் இல்லாம வண்டி எடுக்க மாட்டேன்னு இவுக சொல்லிட்டாக என்றாள்.

அவன் இன்னும் மேலே வரவில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் தீரவில்லை. அம்மாவுக்குத் தெரியாது என்று அவர்களிடம் சொன்னானே, அதை நம்பித்தான் சொன்னானா, இல்லை என்னைக் காப்பாற்றச் சொன்னானா? அதை அவன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவன் என்ன, எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது. ஆறு மாதம் அந்தத் தாளைப் பிரிக்காமல் வைத்திருந்தேனே, அது வெறும் மிதப்புத்தானா? என் பிள்ளை பந்தை விடும்போது நான் குனிந்து வேறு எதையோ எழுதிக்கொண்டிருப்பேன், அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அவனிடம் பஹ்ரைனைப் பற்றி எதுவும் பேசாதே. இது ஒன்றை மட்டும் கேள், நான் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள். அக்காவிடம் அவன் பொய் சொல்ல மாட்டான். அவன் என்ன சொன்னாலும் எனக்கு மெருகு போடாமல் அப்படியே எழுது, நல்லதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நார்த்தங்காயை ஃபிரிட்ஜில் வை, ஈரக் கரண்டி போடாதே. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வெளியே போனால் யாரும் உன்னைத் தூக்கிப்போட மாட்டார்கள், தாராளமாக வை. அனந்தகிருஷ்ணன் மாமாவைப் பார்த்ததும் நமஸ்காரம் சொல்லு. மீனாட்சி உனக்குத் துணையிருப்பாள், நல்லபடியாகப் படித்து நல்லபடியாக இரு என்று அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். லிஃப்ட் சத்தம் கேட்கிறது, அவன்தான் வருகிறான், உறையை ஒட்டிவிடுகிறேன்.

உன் அம்மா,
நளினி சேதுமாதவன்