போன் ரொட்டிப் பெட்டியில் இருக்கிறது

ஐமோ,

லீவுநாளில் வார்டுக்கு ஓடாமல் ஏரிக்குப் போகிறேன், நம்புகிறாயா! நேற்று எனக்குக் கீழே வேலை செய்யும் நர்சுகளிடம், "நேரத்துக்கு வீட்டுக்குப் போங்க, உடம்பப் பாத்துக்குங்க"ன்னு சொன்னேன். "அத நீங்க சொல்றீங்களாக்கா?" என்று சைமி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் நீ அதையே கேட்டபோது கதவை அறைந்து சாத்தினேன்.

அந்த நர்சுகளோடுதான் ஏரிக்குப் போகிறேன். உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் வெட்டிய குழியில் ஒரு முங்கு, நேரே சவுனா என்ற சூடான நீராவி அறை. அங்கே தலைமை நர்சும் கிடையாது, துணியும் கிடையாது!

சால்மன் சூப்பைச் சுடவை, கொதிக்கவிடாதே. வார்டிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தால், "அவ தண்ணிக்குள்ள இருக்கா"ன்னு சொல்லிடு.

ஹெல்வி

உன் கம்பளிக் காலுறை என் காலில்.

நீ கேட்டது நியாயம்தான். சாயந்திரம் அதைச் சொல்லிக் காட்டினால், அடுத்த முறை உன்னையும் குழிக்குள் தள்ளிவிடுவேன்.