குளிர் ஆகாதவர் பனியில் நின்றது

நவம்பர் 23, 2003

இவருக்குக் கல்கத்தா குளிர் நெஞ்சுக்கு ஆகாதாம். காபி ஆறுவதற்குள் மூன்று தடவை சொல்லியாயிற்று. துறைமுக ஆபீஸிலிருந்து ஜனவரியில் ரிடையர் ஆகிறார். லேக் மார்க்கெட் பக்கத்து இந்த ஃபிளாட்டை விற்றுவிட்டு மாம்பலத்தில் போய் உட்கார வேண்டும் என்று ஒரே பாட்டு. கரியாஹாட்டில் புடவைக் கடை வைத்திருக்கும் சாஹா பாபு வாங்கத் தயார். ஆனால் ஃபிளாட் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

நான் பிறந்தது இந்தத் தெருவில். படித்தது, வேலை பார்த்தது, சண்டை போட்டது எல்லாம் இங்கே. மாம்பலத்தில் எனக்கு யாரைத் தெரியும்? அங்கே நான் போய் யாரோடு சண்டை போடுவேன்?

“டாக்டர் மித்ராவே சொல்லிட்டார், வசு” என்கிறார். விஷயம் என்னவென்றால், கீழ்வீட்டு மித்ரா-தா, அதாவது மித்ரா அண்ணா, மாடிப்படியில் இவரைப் பார்த்து “டண்டா லாகாபேன் நா” என்றிருக்கிறார். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை பிறந்தால் இந்த ஊரில் பால்காரன் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் எல்லாரிடமும் சொல்வது. இவருக்கு அது மெடிக்கல் ஒபீனியன்.

நவம்பர் 30

கூத்தைக் கேளு. குளிர் ஆகாத மனுஷர் சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். டிசம்பரில்!

“பனி பாக்கணும்னு கல்யாணமான புதுசுலேருந்து சொல்லிண்டிருக்கியே. போயிட்டு வந்து நிம்மதியா கையெழுத்தப் போடு.”

லஞ்சம் என்றால் இப்படி இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோடு.

“ஏன்னா, உங்க நெஞ்சு?” என்று கேட்டேன்.

“அது ட்ரை கோல்டு. ஒண்ணும் பண்ணாது. இங்க இருக்கறதுதான் டாம்ப்.”

நெஞ்சுக்குள் ஒரு வானிலை ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறார் போலிருக்கிறது. பனி பார்க்க ஆசைதான், அதை நான் ஏன் மறைக்க வேண்டும்? போவேன். கையெழுத்து வேறு விஷயம்.

டிசம்பர் 9

பெட்டி கட்டினேன். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், இவருடைய பஞ்சபாத்திரம், இரண்டு குரங்குக் குல்லாய். எங்கள் குழுவில் மித்ரா-தா, அவர் மனைவி ஷிபானி பௌதி உட்பட அத்தனை பேரும் பெங்காலிகள். டூர் கம்பெனி கூடவே ஒரு சமையற்காரரையும் அழைத்து வருகிறது. ஆல்ப்ஸ் மலை வரைக்கும் போனாலும் இவர்களுக்கு மீன் குழம்பு வேண்டும். நாங்கள் மட்டும் என்ன, புளிக்காய்ச்சலோடுதானே போகிறோம்.

டிசம்பர் 14, லுசர்ன்

பனி பார்த்தேன்.

புடவைக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் சால்வை, கையுறையைக் கழற்றி நீட்டினேன். உள்ளங்கையில் விழுந்து, நான் சரியாகப் பார்ப்பதற்குள் கரைந்துவிட்டது. மறுபடி நீட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஐம்பத்தாறு வயதில், நடுத்தெருவில். ஷிபானி பௌதி என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

இவர் காமிராவை இறக்கிவிட்டுச் சொன்னார்: “நம்மாத்து ஃப்ரீசர்ல இருக்கறதுதானே இது?”

இவரோடு முப்பது வருஷம். எனக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாமோ?

டிசம்பர் 17, மலையடிவாரம்

மார்கழி பிறந்ததும் பிறந்தது, இவருக்கு ஒரு யோசனை உதித்தது. பனியில் நின்று சந்தியாவந்தனம் செய்ய வேண்டும், அதை நான் வீடியோ எடுக்க வேண்டும், மாம்பலத்தில் அண்ணா வீட்டில் போட்டுக் காட்ட வேண்டும். ஊரில் இருக்கும்போது விசிறியைப் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் முடிக்கிற சந்தி.

ஹோட்டல் பின்கட்டில் முழங்கால் அளவு பனி. வெறும் மார்பு, பஞ்சகச்சம், பட்டை பட்டையாக விபூதி. வெறுங்காலோடு நின்று, பாத்ரூமில் பிடித்த வெந்நீரால் அர்க்கியம் விட்டார். ஒவ்வொரு தடவையும் பனியில் பொத்தென்று ஒரு ஓட்டை விழுந்தது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தேன். எல்லாம் முடிந்தபிறகுதான் பார்க்கிறேன், பொத்தானை அழுத்தவே இல்லை.

“அசடு! அசடு!” என்று குதித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார். காயத்ரிக்கு ரீடேக் எடுத்த ஒரே பிராமணர் இவராகத்தான் இருப்பார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்த ஹோட்டல் அம்மாள், யாரோ கிழவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

ஒரு இருமல் உண்டா? ஒரு தும்மல்? ம்ஹும். உள்ளே வந்து நாலு தோசை அளவுக்கு ரொட்டி சாப்பிட்டார். நெஞ்சாம் நெஞ்சு!

டிசம்பர் 18

பஸ்ஸில் மித்ரா-தா ஏதோ பழைய கதை சொன்னார், அவர் மாமனாரும் ஹில்சா மீனும். பஸ் முழுக்கச் சிரிப்பு. இவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு ஆச்சரியம்.

“உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“எனக்கென்ன தெரியும்? எல்லாரும் சிரிச்சா, சிரிச்சேன்.”

“குளிரும் கிடையாது, நெஞ்சும் கிடையாது. நிஜத்தச் சொல்லுங்கோ, எதுக்கு மெட்ராஸ்?” என்று பிடித்துக்கொண்டேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். “ஆபீஸ்ல இங்கிலீஷ், ஆத்துல தமிழ். வெளில எல்லா எடத்துலயும் நீ பேசுவே, நான் பைய வெச்சுண்டு நிப்பேன். முப்பது வருஷமா என்னன்னு தெரியாமயே சிரிச்சுண்டிருக்கேன், வசு. இனிமே ஆபீஸும் கிடையாது. நாள் பூரா நான் யாரோட பேசறது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருஷம்! ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? பெங்காலி கத்துண்டா நாக்கு தேஞ்சா போயிடும்? கௌரவம், வேறென்ன. அதுக்கு என்னைப் பிடுங்கி மாம்பலத்துல நடணுமாக்கும். அப்ப நான் யாரோட பேசறது? அதை யோசிச்சாரா?

ஆனாலும் அந்தச் சிரிப்பை இனி என்னால் சும்மா பார்க்க முடியாது. பாவம் மனுஷர்.

டிசம்பர் 19

பேசவில்லை. அவரும் பேசவில்லை. மலை, பனி, மலை.

ஜனவரி 11, 2004

மித்ரா தம்பதிக்கு வீடியோ போட்டுக் காட்டினார். மித்ரா-தா இரண்டு தடவை பார்த்துவிட்டு, “பட்டாபி பாபு, இது மனுஷ நெஞ்சா, ஹௌரா பாலமா?” என்றார் இங்கிலீஷில். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

“சாஹா பாபு அடுத்த வாரம் வரார்” என்றார் பிறகு, என்னைப் பார்க்காமல்.

“வரட்டும். பேனா ரெடியா வெச்சிருக்கேன். ஒரே ஒரு கண்டிஷன். எதுக்கு விக்கறேள்னு கேட்டா, குளிர்னு சொல்லப்படாது. நிஜத்தைச் சொல்லுங்கோ, நீங்களே, உங்க வாயால. நான் கையெழுத்துப் போட்டுடறேன்.”

வீராப்பாகச் சொல்லியாயிற்று. இவர் நிஜமாகவே சொல்லித் தொலைத்துவிட்டால்?

ஜனவரி 18

சாஹா பாபு வந்தார். டீ குடித்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “கேனோ பிக்ரி கோர்சேன்?” ஏன் விற்கிறீர்கள்?

இவர் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கையில் பேனா.

கடைசியில் இவரே வாயைத் திறந்தார். “ஆமி… பாங்லா… ஜானி நா.” எனக்குப் பெங்காலி தெரியாது.

வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தது, ஜனவரி மாதத்தில்.

சாஹா பாபு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “எய் தோ போல்சேன்!” இதோ பேசுகிறீர்களே! அப்புறம் என்னிடம் திரும்பி, இதற்காகவா ஒருவர் வீட்டை விற்பார், எங்கள் கடைக்கு வந்து மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள், வாயில்லாதவனும் பேரம் பேசக் கற்றுக்கொள்வான் என்றார். நான் அதை இவருக்குத் தமிழில் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. காதெல்லாம் சிவந்திருந்தது.

சாஹா பாபு போனபிறகு, “பேனாவை மூடி வை, மை காஞ்சுடும்” என்றார்.

பிப்ரவரி 6

கரியாஹாட் போயிருக்கிறார். சாஹா பாபு கடைக்கு, தனியாக. அன்றைக்கு அவர் சொன்னது இவருக்குப் புரிந்துதான் இருக்கிறது போல. நான் இல்லாமல் எப்படி ஆட்டோ பிடித்தாரோ.

ஏப்ரல் 18

கீழ்வீட்டில் மித்ரா-தா பேரனுக்குப் பிறந்தநாள். மறுபடியும் அந்த மாமனார், அந்த ஹில்சா மீன். வீடே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து, எல்லாரும் கேட்க, “மானே கீ?” என்றார். அதற்கு என்ன அர்த்தம்?

மித்ரா-தா நிறுத்தி நிதானமாக, கையை ஆட்டி ஆட்டி, முழுக் கதையையும் திரும்பச் சொன்னார். இவர் கடைசி வரை கேட்டார். அப்போதும் சிரிக்கவில்லை.

என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “இதுக்கா வசு, நான் முப்பது வருஷமா சிரிச்சேன்?”